பில்லுக்குக் கொடுத்த நம்பர் விளம்பரத்துக்குச் சம்மதம் ஆகாது

நாகர்கோவிலில் பெரிய துணிக்கடை, நகைக்கடை எதில் ஏறினாலும் பில் போடும் இடத்தில் முதல் கேள்வி, “அக்கா, போன் நம்பர் சொல்லுங்க” என்பதுதான். பின்னால் வரிசை நிற்கிறது, சொல்லிவிடுகிறோம். ஓணம், கிறிஸ்துமஸ் வந்தால் அந்த நம்பருக்கு ஆஃபர் அழைப்புகள். கொஞ்ச நாளில் மனை விற்கிறவர், லோன் தருகிறவர் என்று அந்தக் கடைக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் கூப்பிடுகிறார்கள். ‘நம்மதானே கொடுத்தோம்’ என்று பலரும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஓர் உதாரணமே தருகிறது. மருந்துக்கடையில் ஒருவர் மருந்து வாங்கி, ரசீதை மெசேஜில் அனுப்பச் சொல்லி நம்பர் கொடுக்கிறார். கடை அந்த நம்பரை ரசீது அனுப்பப் பயன்படுத்தலாம். விளம்பரம் அனுப்ப வேண்டுமானால் அதற்குத் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். எதற்காக என்று சொல்லி, நிபந்தனை போடாமல் கேட்டு, நாம் தெளிவாகச் சரி என்றால்தான் அது சம்மதம். கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் கேட்டு வாங்கலாம். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் இந்த உரிமை உண்டு என்பதால், மலையாளம் படித்த விளவங்கோடு பக்கத்துக்காரர்கள் மலையாளத்திலும் கேட்கலாம். கண்காட்சியில் குலுக்கல் பெட்டிக்குள் போடும் கூப்பன் காகிதமாக இருக்கும்வரை இந்தச் சட்டத்துக்குள் வராது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய நொடியில் வந்துவிடும்.

அபராதம் பெரியது. சம்மத விதியை மீறினால் 50 கோடி ரூபாய் வரை. நம்பர் பட்டியல் வெளியே கசியும்படி பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி வரை. கசிந்ததை, இந்தச் சட்டப்படி புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் தெரிவிக்காமல் மறைத்தால் 200 கோடி வரை. இவை உச்சவரம்புகள். மீறல் எவ்வளவு பெரியது, எத்தனை நாள் நடந்தது, திரும்பத் திரும்ப நடந்ததா என்று பார்த்து வாரியம் தொகையை முடிவு செய்யும். அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது அரசு கஜானாவுக்குப் போகும். தொல்லைப்பட்ட நமக்கு ஒரு பைசா கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் இழப்பீடு கேட்க ஒரு வழி இருந்தது. அதையும் இந்தச் சட்டம் எடுத்துவிடுகிறது. இது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

இன்னொன்று, நாள் கணக்கு. இதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. சம்மதம் தொடர்பான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது 2027 மே வரை.

அதுவரை கைகட்டி இருக்க வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், விளம்பர அழைப்புகளுக்கு 2018-இல் போட்ட விதிமுறைகள் நடைமுறையில் இருக்கின்றன. 2025 பிப்ரவரியில் அவற்றை இன்னும் இறுக்கினார்கள். விளம்பர அழைப்பு 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும். சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து விளம்பரத்துக்குக் கூப்பிடுவதே மீறல். விளம்பரம் செய்பவராகப் பதிவு செய்யாத அப்படிப்பட்ட ஆள்மீது புகார் செய்ய, நீங்கள் டி.என்.டி. என்ற ‘விளம்பரம் வேண்டாம்’ பட்டியலில் பதிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பத்து நாளுக்குள் அவர்மீது ஐந்து புகார் சேர்ந்தால் போன் நிறுவனம் நடவடிக்கை தொடங்க வேண்டும். மீறல் உறுதியானால் முதல் தடவை 15 நாள் அவருடைய வெளியழைப்பு நிறுத்தப்படும். மறுபடி செய்தால் எல்லா போன் நிறுவனங்களிலும் உள்ள அவருடைய இணைப்புகள் ஒரு வருஷத்துக்குத் துண்டிக்கப்படும். ஒரே கும்பல் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் நூறு பேரைக் கூப்பிடுகிறது. அதில் ஐந்து பேர் புகார் செய்தால் போதும்.

செய்யும் முறை இதுதான். அழைப்பு வந்த ஏழு நாளுக்குள் 1909-க்குப் போன் செய்யுங்கள், அல்லது மெசேஜ் அனுப்புங்கள், டிராயின் டி.என்.டி. செயலியிலும் செய்யலாம். வந்த நம்பர், தேதி, என்ன சொன்னார்கள் என்ற ஒரு வரி, இவ்வளவும் வேண்டும். அதனால் கோபத்தில் கால் லாக்கை அழித்துவிடாதீர்கள். புகார் எண் வந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்றவர்கள் அனுப்பும் விளம்பரங்களும் வேண்டாம் என்றால், ‘ஸ்டார்ட் 0’ என்று ஆங்கிலத்தில் எழுதி 1909-க்கு அனுப்புங்கள். மோசடியில் பணமே போய்விட்டது என்றால் 1909 அல்ல, உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930.

வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரம் டிராய் விதிக்குள் வராது. அங்கேயே ரிப்போர்ட் செய்து பிளாக் செய்வதுதான் இப்போதைக்கு வழி.

பிளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்தில் நம் மாவட்டத்து வீடுகளில் நர்சிங், இன்ஜினியரிங் கல்லூரிகளின் அழைப்புகள் ஓயாது. பிள்ளையின் பெயர், மார்க் வரை சொல்லிப் பேசுகிறார்கள். பதினெட்டு வயது ஆகாதவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்துப் பெற வேண்டும் என்பது புதிய சட்டம். பிள்ளைகளுக்கான இந்த விதிகளை மீறினால் 200 கோடி வரை அபராதம். கூப்பிடுகிறவரிடம், “இந்த நம்பர் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?” என்று கேளுங்கள். சொல்லும் பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள். புதிய சட்டப்படி முதலில் அந்த நிறுவனத்திடமே குறை சொல்ல வேண்டும். தீரவில்லை என்றால்தான் வாரியம். இரண்டு இடத்திலும் அந்தக் குறிப்பு உங்களுக்கு உதவும்.