வளர இடம் விட்டு வட்டைப் பிரித்தல்

மெய்நிகர் சர்வர் ஒன்றின் வட்டை 40 ஜிபியிலிருந்து 80 ஜிபியாக உயர்த்துவது, அதைத் தாங்கும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றும் வேலைதான். உள்ளே ஓடும் லினக்ஸுக்கு அந்தக் கூடுதல் இடம் உடனே பயன்பட்டுவிடுவதில்லை. பூட் (தொடக்கக் கோப்புகளுக்கு), ரூட் (இயங்குதளத்துக்கும் மற்ற கோப்புகளுக்கும்), ஸ்வாப் (நினைவகம் போதாதபோது உதவ) என்ற வரிசையில் மூன்று பார்ட்டிஷன்களாக, அதாவது தனிப் பகுதிகளாகப் பிரித்த வட்டில், புதிய இடம் ஸ்வாப்புக்கு அப்பால், வட்டின் கடைசியில் வந்து சேர்கிறது. இடம் தேவைப்படுவதோ நடுவில் இருக்கும் ரூட்டுக்கு. பார்ட்டிஷன் என்பது தொடர்ச்சியான செக்டர்களால் (வட்டின் சிறு அலகுகளால்) ஆனது என்பதால், வழியில் நிற்கும் ஸ்வாப்பை அணைத்து, அழித்து, கடைசியில் மீண்டும் உருவாக்கினால்தான் ரூட்டைப் பெரிதாக்க முடியும். லாக் கோப்புகள் நிரம்பி டேட்டாபேஸ் நின்றுபோன ஒரு சர்வரில் நள்ளிரவில் இதைச் செய்திருக்கிறேன்; தொடக்க செக்டரின் எண்ணைத் தவறாகத் தட்டிவிடக் கூடாதே என்று நான்கு முறை சரிபார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

தொடர்ச்சியாக இருந்தாக வேண்டும் என்ற இந்தக் கட்டாயத்தைத்தான் எல்விஎம் (லாஜிக்கல் வால்யூம் மேனேஜர்) என்ற மென்பொருள் நீக்குகிறது. ஹெச்பி-யுஎக்ஸ் இயங்குதளத்தில் இருந்ததைப் பின்பற்றி, 1998இல் ஹைன்ஸ் மாவல்ஷாகன் லினக்ஸுக்காக இதை எழுதினார். வட்டுகளை வழக்கமாக 4 எம்பி அளவுள்ள எக்ஸ்டென்ட்டுகளாகத் துண்டாக்கி, வால்யூம் குரூப் என்ற ஒரே குவியலில் சேர்த்துவிட்டு, கேட்கும்போது அதிலிருந்து எடுத்துக் கொடுப்பது இதன் முறை. அப்படி எடுத்துக் கொடுக்கும் பங்குக்கு லாஜிக்கல் வால்யூம் என்று பெயர்; 10 ஜிபி வால்யூம் என்பது 2,560 துண்டுகளின் பட்டியல், அவ்வளவே. அவற்றில் பாதி ஒரு வட்டிலும் மீதி வேறொரு வட்டிலும் இருக்கலாம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் உள்ள டிவைஸ் மேப்பர் ஓர் அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு கோரிக்கையையும் உரிய வட்டின் உரிய செக்டருக்கு அனுப்பிவிடுவதால், மேலே இருக்கும் கோப்பு முறைமைக்கு அது ஒரே நீண்ட வட்டாகவே தெரிகிறது.

மெய்நிகர் சர்வரில் வட்டுகளுக்குப் பஞ்சமில்லை என்பதால், இயங்குதளத்துக்கு ஒரு சிறிய வட்டும் தரவுக்குத் தனி வட்டும் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. தரவு வட்டில் பார்ட்டிஷன் அட்டவணையே போடாமல் முழு வட்டையும் எல்விஎம்மிடம் ஒப்படைத்துவிடலாம். அப்படிப்பட்ட வட்டு வேறு கருவிகளின் கண்ணுக்குக் காலியாகத் தெரிந்து, யாரேனும் அழித்துவிடக்கூடும் என்ற எதிர்வாதம் நியாயமானதுதான். ஆனாலும், பின்னாளில் வட்டைப் பெரிதாக்கும்போது பிவிரீசைஸ், எல்விஎக்ஸ்டெண்ட் என்ற இரண்டு கட்டளைகளில், சர்வரை நிறுத்தாமலே வேலை முடிந்துவிடும். இரண்டாவது கட்டளையுடன் ‘-ஆர்’ சேர்த்தால் கோப்பு முறைமையும் கூடவே வளர்ந்துவிடும்.

எல்லா இடத்தையும் முதல் நாளே பங்கிட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைகள் இரண்டையும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிதாக்கலாம். சுருக்குவதற்கோ ஈஎக்ஸ்டி4-ஐ அன்மவுண்ட் செய்தாக (பயன்பாட்டிலிருந்து கழற்றியாக) வேண்டும், எக்ஸ்எஃப்எஸ்-ஐ நடைமுறையில் சுருக்கவே முடியாது. ஆகவே 100 ஜிபி இருந்தால், லாக் கோப்புகளுக்கு 10, டேட்டாபேஸுக்கு 50 என்று கொடுத்து, மிச்சத்தைக் குவியலிலேயே விட்டுவைப்பது நல்லது. லாக் கோப்புகளுக்குத் தனி வால்யூம் இருந்தால், அவை நிரம்பினாலும் டேட்டாபேஸ் தொடர்ந்து எழுதும். மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் ஸ்னாப்ஷாட் (வால்யூமின் அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுப்பதற்கும் அந்த மிச்ச இடமே வேண்டும். மாற்றங்கள் குவிந்து ஸ்னாப்ஷாட் நிரம்பிவிட்டால் அது செல்லாததாகிவிடும் என்பதால், அதற்குத் தாராளமாகவே ஒதுக்க வேண்டும்.