பெயர் எழுதாவிட்டாலும் ஆள் தெரியும்

திருநெல்வேலி வடக்கு ரத வீதியில் தீபாவளிக்குத் துணி எடுத்தால் சில கடைகளில் பில்லோடு பரிசுக் கூப்பனும் தருவார்கள். பிறந்த தேதி, பின்கோடு, ஆணா பெண்ணா என்றெல்லாம் கேட்டிருக்கும். செல்போன் எண் தர யோசிப்பவர்கள்கூட இந்த மூன்றையும் மளமளவென்று எழுதிவிடுவார்கள். ஆளைக் கண்டுபிடிக்கப் பல நேரம் அந்த மூன்றே போதும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வருடத்துக்கு 365 நாள், வயது 80 வரை, ஆண் பெண் என இரண்டு. பெருக்கினால் பிறந்த தேதியும் ஆணா பெண்ணா என்பதும் சேர்ந்து 58,400 சேர்க்கைகள். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பின்கோடுக்குள் 20,000 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆட்களைப் போல மூன்று மடங்கு சேர்க்கைகள் இருப்பதால், பாதிப் பேருக்கு மேல் அவரவர் சேர்க்கையில் தனியாகத்தான் நிற்பார்கள். சென்னையில் ஒரே பின்கோடுக்குள் லட்சம் பேர் இருந்தால் ஓரளவு கூட்டத்தில் மறையலாம். சின்ன ஊரில் அதற்கும் வழியில்லை.

1997இல் லத்தான்யா ஸ்வீனி என்ற அமெரிக்க மாணவி இதைச் செய்தே காட்டினார். மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயரும் முகவரியும் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். பிறந்த தேதி, பின்கோடு, ஆணா பெண்ணா என்ற மூன்றும் மட்டும் அப்படியே இருந்தன. ஸ்வீனி கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, இரண்டையும் ஒப்பிட்டார். அந்த நகரில் வசித்த மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதியில் வாக்காளர் பட்டியலில் 6 பேர். அதில் ஆண்கள் 3 பேர். அவருடைய பின்கோடில் ஒரே ஒருவர். அவ்வளவுதான், ஆளுநரின் மருத்துவப் பதிவு எதுவென்று தெரிந்துவிட்டது. தனித்தனியாக இருந்தவரை இரண்டு பட்டியலாலும் அவருக்குக் கெடுதல் இல்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

நம் பெரியவர்களில் பலருக்குப் பிறந்த தேதி, பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டதுதான். மே, ஜூன் தேதிகளில் அப்படி நிறைய பேர் சேர்ந்திருப்பதால் அவர்களைப் பிரித்தெடுப்பது கடினம். ஆஸ்பத்திரியில் சரியாகப் பதிவான பேரன் பேத்திகள்தான் எளிதில் அகப்படுவார்கள்.

சரி, என்ன செய்யலாம்? தேதி, மாதத்தை விட்டுவிட்டு வருடத்தை மட்டும் எழுதினால் 58,400 சேர்க்கைகள் 160 ஆகச் சுருங்கிவிடும். அதே 20,000 பேரில் சராசரியாக 125 பேர் உங்களோடு ஒரே சேர்க்கையில் இருப்பார்கள். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதார் நகலும் நல்லதுதான், ஆனால் அது எண்ணை மட்டுமே மறைக்கும். தேவைக்கு மேல் விவரம் கேட்கக் கூடாது என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது, தயங்காமல் "இது எதற்கு?" என்று கேளுங்கள். அப்புறம், பிள்ளைகளுக்குப் பேஸ்புக்கில் பிறந்தநாள் வாழ்த்துப் போடும்போது எத்தனையாவது வயது என்பதையும் ஊர்ப் பெயரையும் சேர்க்காதீர்கள்.