'எங்க வீட்ல சண்டையே கிடையாது டாக்டர்'

இந்த வாரமும் அதே பதில்தான். தீராத தலைவலி, தூக்கமில்லை, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. வீட்டில் எப்படி என்று கேட்டால், "சண்டையே கிடையாது டாக்டர், நான்தான் எதுவும் பேசமாட்டேனே" என்கிறார், அதுவும் பெருமையாக. கூட வந்த கணவரும் தலையாட்டுகிறார்.

எத்தனை பேரிடம்தான் சொல்வது! வாயை மூடிக்கொண்டால் வீட்டில் நிம்மதி என்று யார் சொன்னது? உள்ளே கோபம் இருக்கிறது, பயம் இருக்கிறது, இன்றைக்கு எதற்குக் குறை சொல்வாரோ என்ற எதிர்பார்ப்பு காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தம் வெளியே கேட்டதா இல்லையா என்றெல்லாம் உடம்பு பார்ப்பதில்லை. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் தலைமுறைகளாக நடந்துவரும் இதய ஆய்விலிருந்து 2007-இல் ஒரு கட்டுரை வந்தது. கணவரோடு பிணக்கு வரும்போது எல்லாவற்றையும் மனதுக்குள்ளேயே போட்டுக்கொண்ட பெண்களுக்கு, அப்படிச் செய்யாதவர்களைவிட 10 ஆண்டுகளில் இறக்கும் அபாயம் சுமார் 4 மடங்கு இருந்தது. மௌனம்தான் காரணம் என்று இதை வைத்தே அடித்துச் சொல்லிவிட முடியாது, சரி. ஆனால் பார்த்தும் பார்க்காமல் விடக்கூடிய எண்ணா இது?

அதற்காகக் கத்தித் தீர்க்கச் சொல்லவில்லை. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 42 தம்பதிகளின் கையில் சின்னக் கொப்புளங்கள் உண்டாக்கி, அவை ஆறும் வேகத்தை அளந்து 2005-இல் வெளியிட்டார்கள். ஒருவரையொருவர் குத்திப் பேசியவர்களுக்குப் புண் ஆறிய வேகம், அப்படிப் பேசாதவர்களுடையதில் 60 சதவீதம்தான். காலில் ஆறாத புண்ணோடு வரும் சர்க்கரை நோயாளியிடம் நான் வீட்டு நிலவரம் கேட்பது இதனால்தான், வம்புக்கு இல்லை.

அப்புறம், 'மன அழுத்தமும் காரணம்' என்று நான் சொன்னதும் 'அப்போ நடிக்கிறாளா?' என்று கேட்கும் வீட்டாருக்கு: வலி நிஜம். தயவுசெய்து அந்தக் கேள்வியை விடுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் 'டென்ஷன்தான்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பெரிய துக்கத்துக்குப் பிறகு மாரடைப்பு போலவே வரும் டகோட்சுபோ என்ற இதயக் கோளாறு உண்டு. எது எது என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. மனசு சரியானால் போதும் என்று மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

கோபம் தலைக்கேறியிருக்கும்போது பேச வேண்டாம், தள்ளிப் போங்கள், ஆனால் எப்போது திரும்பப் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். நாள்கணக்கில் முகம் கொடுக்காமல் இருப்பதற்குப் பெயர் தண்டனை.

அடியும் மிரட்டலும் உள்ள வீட்டுக்கு 'பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரை பொருந்தவே பொருந்தாது. அங்கே முதலில் உங்கள் பாதுகாப்பு. தனியாக வந்து சொல்லுங்கள், நம்புவோம். கூட வருபவர்களே, கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் உட்காருங்கள்.