தேயிலை வரிசையும் கோடுபோட்ட துணியும்: இணையம் படங்களைத் தேடித் தரும் விதம்

தோட்டக் கோயில்களில் திருவிழா தொடங்கிவிட்டால் இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் பேனர் அடித்துக் கொடுக்கும் கடைகளில் கணினிக்கு ஓய்வே கிடையாது. அம்மன் படம், தேர், சுற்றிலும் தாமரை வளையம், மஞ்சளில் சிவப்பு எழுத்து. எல்லாத் தோட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே பேனர்தான். தோட்டத்தின் பெயரும் திகதியும் மட்டும் மாறும். வடிவமைக்கும் பையன்களைக் கேட்டால், "தேடினா இதுதாண்ணே வருது" என்பார்கள். பொய்யில்லை, இதுதான் வருகிறது. ஏன் இதுவே வருகிறது, வேறு எதையாவது வரவழைக்க முடியுமா என்று கேட்டால், படத்தேடல் உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்த்தாக வேண்டும்.

முதலில் பழைய கதை. 2000 பெப்ரவரியில் கிராமி இசை விருது விழாவுக்குப் பாடகி ஜெனிஃபர் லோபஸ் பச்சை நிற வெர்சாச்சி உடையில் வந்தார். பார்த்தவர்களெல்லாம் அந்த உடையைத் தேடினார்கள். கூகுளிடம் அப்போது கொடுப்பதற்கு எழுத்து இணைப்புகள்தான் இருந்தன. 2001 ஜூலையில் படத்தேடல் வந்தது. (ஓர் உடையால் பிறந்த வசதி என்றால் கட்டுக்கதை போலிருக்கும், கூகுளின் தலைவராக இருந்த எரிக் ஷ்மிட்டே இதை எழுதியிருக்கிறார்.) ஆனால் அந்தத் தேடல் படத்தைப் பார்க்கவே இல்லை. கோப்பின் பெயர், படத்துக்குக் கீழுள்ள குறிப்பு, பக்கத்தின் தலைப்பு என்று சுற்றியிருந்த எழுத்தை வைத்துத்தான் ஊகித்தது.

அதில் எவ்வளவு தவறிப்போகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ஒளிப்பட வரலாற்றின் பெரிய பெயர்களில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரூன் 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிவந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாவில் காலமானார். கல்லறை பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலய வளவில் இருக்கிறது. இங்கு வாழ்ந்த காலத்தில் சுற்றியிருந்த உழைப்பாளிகளைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தார். மிஞ்சிய சில படங்கள் இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒன்றின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்கள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஆண்டு 1878. பட்டியல் எழுதியவர் அதோடு நிறுத்திவிட்டால், தமிழில் என்ன தட்டினாலும் எழுத்துத் தேடல் அந்த முகங்களுக்குக் கொண்டுபோய் விடாது.

2012இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹிண்டன் ஆகிய மூவரும் 'அலெக்ஸ்நெட்' என்ற நரம்பு வலையமைப்பை (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்கும், அடுக்கடுக்கான கணக்கு) படங்களை அடையாளம் காணும் இமேஜ்நெட் போட்டிக்குக் கொண்டுவந்தார்கள். பயிற்சிக்குச் சுமார் 12 இலட்சம் படங்கள், அடையாளம் காண 1,000 வகைகள். ஒரு படத்துக்கு ஐந்து ஊகம் சொல்லலாம், அதில் ஒன்றாவது சரியாக இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டாவதாக வந்த குழு 26.2 வீதம் பிழைவிட்டது. இவர்களின் பிழை 15.3 வீதம். கணினி படத்தையே பார்க்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான் என்று சொன்னால் பெரிய தவறில்லை.

பார்ப்பது என்றால் என்ன? அடியில் இருப்பது கூட்டலும் கழித்தலும் பெருக்கலும்தான். தலவாக்கலைப் பக்கம் எடுத்த ஒரு தேயிலை மலைப் படத்தை எடுத்துக்கொள்வோம். கணினிக்கு அது 0 முதல் 255 வரையான எண்கள் நிரம்பிய ஒரு கட்டம். வெயில் பட்ட செடியின் மேற்பரப்பு 180 என்றால், இரண்டு வரிசைக்கு நடுவிலுள்ள நிழல் 40. வலப்பக்க எண்ணிலிருந்து இடப்பக்க எண்ணைக் கழிக்கும் ஒரு சின்ன வடிகட்டியைப் படம் முழுக்க நகர்த்திக்கொண்டு போங்கள். நிழல் முடிந்து செடி தொடங்கும் இடத்தில் 140 விழும். வானத்தில் 210இலிருந்து 210 போக, பூச்சியம். விளிம்பு எங்கே என்று கண்டுபிடித்தாயிற்று. அலெக்ஸ்நெட்டின் முதல் அடுக்கில் இப்படி 96 வடிகட்டிகள். எதை எதிலிருந்து கழிக்க வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பிழைவிட்டுப் பிழைவிட்டுத் தானே திருத்திக்கொண்டது. சில வடிகட்டிகள் சாய்ந்த கோட்டுக்கு அசைகின்றன, சில நிறத் திட்டுக்கு. இவற்றின் விடைகளைச் சேர்த்து அடுத்த அடுக்கு மூலையையும் வளைவையும் பிடிக்கிறது. அதற்கு மேலே நெசவு, செதில், இதழ். இன்னும் மேலே முகம், சக்கரம்.

உச்சிக்குப் போகும்போது முழுப் படமும் ஓர் எண் வரிசையாகச் சுருங்கிவிடும். அலெக்ஸ்நெட்டின் கடைசிக்கு முந்திய அடுக்கில் 4,096 எண்கள். அந்த எண்களை ஒரு புள்ளியின் முகவரி என்று வைத்துக்கொண்டால், ஒன்றுபோல இருக்கும் படங்கள் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளாக வந்து விழுகின்றன. 'இதைப் போன்ற படங்கள்' என்ற பொத்தானுக்குப் பின்னால் நடப்பது, உங்கள் படத்தின் புள்ளிக்கு அருகில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான்.

கலைஞர்களுக்கு உதவும் விஷயம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 2019இல் ராபர்ட் கெய்ரோஸும் அவருடைய சகாக்களும் இந்த வலையமைப்புகளைச் சோதித்தார்கள். பூனையின் உருவத்துக்கு யானைத் தோலைப் போர்த்திக் காட்டினால், மனிதர்கள் பூனை என்கிறார்கள். இயந்திரம் யானை என்கிறது. இமேஜ்நெட்டில் பயின்ற வலையமைப்புகள் வடிவத்தைவிட மேற்பரப்பின் தன்மையில்தான் அதிகம் சாய்கின்றன. பொருளை அடையாளம் காண இது குறைதான். ஆனால் தேயிலை வரிசையைக் கொடுத்தவருக்கு, பொருளால் சம்பந்தமே இல்லாத, கோடுகோடாக மேடிட்ட கோர்டுரோய் துணியும், வாரிவிட்ட மணலும், செதுக்கிய மரமும் அண்டை வீட்டுக்காரர்களாக வந்து நிற்க முடிகிறதென்றால் அது இந்தக் குறையால்தான். வடிவமைப்பவருக்குப் புது யோசனை வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட முறையற்ற உறவுகளிலிருந்து. 'தேயிலை' என்று எழுதித் தேடினால் மறுபடியும் தேயிலைதான் வரும்.

பாணி என்று நாம் சொல்வதையும் எண்ணாக்க முடிகிறது. 2015இல் லியோன் கேட்டிஸ், அலெக்ஸாண்டர் எக்கர், மத்தியாஸ் பெத்கே ஆகியோர், எந்த வடிகட்டிகள் சேர்ந்து எழும்புகின்றன என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, அவை படத்தில் எங்கே எழும்புகின்றன என்பதை விட்டுவிட்டார்கள். அந்தக் கணக்கே ஓவியரின் பாணியாக வெளிப்பட்டது. அதை ஒரு சாதாரணப் புகைப்படத்தின் மேல் ஏற்றவும் முடிந்தது.

கோடிக்கணக்கான புள்ளிகளில் அருகிலிருப்பவற்றை ஒரு நொடிக்குள் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாக அளந்தால் முடியாது. 2016இல் யூரி மல்கோவும் டிமிட்ரி யாஷுனினும் வெளியிட்ட முறை இன்று பரவலாக இருக்கிறது. கொழும்பிலிருந்து மஸ்கெலியாத் தோட்டமொன்றின் லயத்துக்குப் போகிறவர் வழியிலுள்ள எல்லா வீட்டையும் தட்டுவதில்லை. பெரிய வீதியில் ஹட்டன், அங்கிருந்து கிளை வீதி, பிறகு தோட்டத்து ரோடு, கடைசியில் ஒற்றையடிப் பாதை. இந்த முறையும் அப்படித்தான். மேலடுக்கில் சில புள்ளிகளும் நீண்ட தாவல்களும். கீழே இறங்க இறங்கப் புள்ளிகள் கூடும், தாவல் குறுகும். மிகச் சரியான அண்டையைச் சில சமயம் தவறவிடும். படம் தேடுகிறவருக்கு அது பெரிய நட்டமில்லை.

இதுவரை சொன்னது இயந்திரத்தின் கண். இன்னொரு வழியும் இருக்கிறது, என் கணிப்பில் அதுதான் சுவாரசியமானது. 2010இல் தொடங்கிய பின்டரஸ்ட் என்ற இணையதளத்தில் ஆட்கள் தங்களுக்குப் பிடித்த படங்களைப் பலகை பலகையாகச் சேர்த்து வைக்கிறார்கள். அந்நிறுவனத்தார் 2018இல் விவரித்த 'பிக்ஸி' என்ற அமைப்பு படத்துக்குள் என்ன இருக்கிறது என்று எட்டியும் பார்ப்பதில்லை. நீங்கள் ஒரு கோலத்தைத் தொட்டால், அந்தக் கோலம் இருக்கும் பலகைகளில் ஒன்றுக்குக் குருட்டாம்போக்கில் தாவும். அந்தப் பலகையிலுள்ள ஏதோ ஒரு படத்துக்கு. அங்கிருந்து அதை வைத்திருக்கும் வேறொரு பலகைக்கு. இப்படித் திரும்பத் திரும்ப நடந்து, எந்தப் படங்களில் அடிக்கடி கால் பட்டதோ அவற்றைக் கொண்டுவந்து காட்டும். 300 கோடிக்கும் அதிகமான கணுக்களும் (படங்களும் பலகைகளும்) சுமார் 1,700 கோடி இணைப்புகளும் கொண்ட வலையில் இந்த நடை நடக்கிறது. கோலத்தோடு மருதாணி வடிவத்தையும் பூவேலை செய்த சேலைக் கரையையும் யாரோ ஒருத்தி ஒரே பலகையில் வைத்திருப்பாள். அவளுடைய ரசனைதான் உங்களுக்கு வழி.

பேனர் ஏன் ஒன்றுபோலவே வருகிறது என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. அதிகப் பலகைகளில் இருக்கும் படத்தில் கால் அதிகம் படும். பட்டதால் இன்னும் பலர் பார்ப்பார்கள். பார்த்தவர்கள் இன்னும் பல பலகைகளில் சேர்ப்பார்கள். எந்தப் பலகையிலும் ஏறாத படத்துக்கோ பாதையே கிடையாது. அதே 2018இல் வந்த பின்டரஸ்டின் இன்னொரு அமைப்பான 'பின்சேஜ்' படத்தின் எண் வரிசையையும் அக்கம்பக்கத்து இணைப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டு இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டியது. ஓரளவுதான்.

2021இல் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஓப்பன்ஏஐ வெளியிட்ட 'கிளிப்' என்ற அமைப்பு 40 கோடிப் படங்களையும் அவற்றின் குறிப்புகளையும் சோடியாகக் கற்று, எழுத்தையும் படத்தையும் ஒரே வெளியில் புள்ளிகளாக்கியது. இதனால் குறிச்சொல் இல்லாத படத்தையும் விவரித்துத் தேட முடிகிறது. கற்ற குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலம் என்பதால், நம்மவர்களுக்குச் சொல்லைவிடப் படத்தைக் கொடுத்துத் தேடுவதே இன்னும் இலாபம்.

அதனால் பேனர் கடைத் தம்பிகளுக்கு நான் சொல்வது இது: தேடல் பெட்டியில் எழுதாதீர்கள். கோயில் தூணில் ஒரு பூவேலை பிடித்திருந்தால் அதை நேராக நின்று படமெடுத்து, அந்தப் பூவை மட்டும் வெட்டிக் கொடுங்கள். முழுத் தூணையும் கொடுத்தால் எண் வரிசையில் சீமெந்தும் வானமும் பின்னால் நிற்கும் ஆளும் கலந்துவிடும். கிடைப்பது கோயில் படங்களாகவே இருக்கும். வெட்டிய பூவுக்கு வரும் அண்டைகள் வேறு.

கிடைத்ததை அப்படியே அச்சிட முடியாது என்பது அடுத்த தலைவலி. ஆறடிப் பேனர் என்றால் 72 அங்குலம். 1,600 பிக்ஸல் அகலமுள்ள ஒரு படத்தை அதில் விரித்தால் அங்குலத்துக்கு 22 பிக்ஸல்தான். அம்மன் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். போதாததற்கு படக் கோப்புகளைச் சுருக்குவதற்கு 1992இலிருந்து தரமாக இருக்கும் ஜேபெக் முறையில், நம் கண் வெளிச்சத்தை நுணுக்கமாகவும் நிறத்தைச் சற்று மந்தமாகவும் பார்க்கிறது என்பதால், நிறத் தகவலைப் பாதிப் பாதியாகக் குறைத்துச் சேமிப்பது வழக்கம். மஞ்சளில் சிவப்பு எழுத்தின் ஓரம் கலங்கிப்போவது இதனால்தான். எழுத்தைப் படமாக எடுக்காமல் புதிதாக அடிப்பதே நல்லது.

பெரிய கோப்புகள் வேண்டுமென்றால் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 2017 பெப்ரவரியில் 375,000 படங்களையும், ஸ்மித்சோனியன் 2020 பெப்ரவரியில் 28 இலட்சம் படங்களையும் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டன. வியாபாரத்துக்கும் அனுமதி கேட்க வேண்டாம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2022இல் ரெம்ப்ராண்டின் 'நைட் வாட்ச்' ஓவியத்தை 71,700 கோடி பிக்ஸலில் வெளியிட்டது. 8,439 படங்களைத் தைத்துச் செய்தது. சிக்னல் இரண்டு கோடு மட்டும் காட்டும் தோட்டத்திலும் அது திறக்கும். படத்தைச் சிறு சதுரங்களாக, பல அளவுகளில் முன்கூட்டியே நறுக்கி வைத்திருப்பதால், திரையில் தெரியும் சதுரங்கள் மட்டுமே இறங்குகின்றன. விரலால் பெரிதாக்கும்போது மட்டும் அடுத்த அளவுச் சதுரங்கள் வருகின்றன.

நம் பக்கத்துக் கலை இந்த வலைக்குள் ஏறுவது வேறு கதை. மாசியில் ஆடும் காமன் கூத்தில் மன்மதனின் கிரீடத்தையும் புஜக்கீர்த்தியையும் ஆட்டம் தொடங்குமுன் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். மூடுபனி நாள் என்றால் இன்னும் நல்லது, ஜிகினா கண்ணைக் கூசாது. செய்தவரின் சம்மதத்தோடு முழு அளவுக் கோப்பை, யாரும் எடுத்துப் பயன்படுத்தும் படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். 2019 ஜனவரியிலிருந்து அங்கு ஒவ்வொரு படத்துக்கும் பல மொழிகளில் தலைப்புக் குறிப்பு எழுத இடமிருக்கிறது, தமிழுக்கும் ஒரு வரி உண்டு. அந்த வரியில் தோட்டத்தின் பெயர், கூத்தின் பெயர், பொருளின் பெயர், ஆண்டு நான்கையும் எழுதிவிட்டு, அதே படத்தை நாலைந்து பேரின் பலகைகளிலும் போட்டு வையுங்கள்.