பஃபர்: தாங்கலா, சூழ்வலயமா?

கொழும்பில் புவியியல் தகவல் முறைமையும், விமானங்கள் ஏறி இறங்கும் பாதைகளையும் உயரங்களையும் வகுக்கின்ற பறப்பு நடைமுறை வடிவமைப்பும் பயில்கின்ற தமிழ் மாணவரிடையே கைமாறும் குறிப்புகளில், ‘பஃபர்’ என்னும் வரைகருவியைத் ‘தாங்கல்’ என்று எழுதும் வழக்கம் வேரூன்றிவிட்டது. ஒரு குறிப்பில் கண்டபோது பிழையென்று கடந்து செல்லலாம். எல்லாக் குறிப்புகளிலும் காணும்போது, அந்தப் பிழை கலைச்சொல்லாகிவிடுமோ என்ற அச்சம் எழுகிறது. அதற்குச் ‘சூழ்வலயம்’ என்பதே ஏற்ற சொல் என்பது என் கருத்து.

சொல்லின் பிறப்பு எளியது. அடி, குத்து என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழியே ‘பஃப்’ என்னும் ஒலிக்குறிப்பு ஆங்கிலத்துக்கு வந்தது. அடியின் வேகத்தை அடக்குவது ‘பஃபர்’ ஆயிற்று. 1830களில் புகையிரதப் பெட்டிகள் ஒன்றோடொன்று இடிபடாமல் தடுக்கும் வில் பொருத்திய உறுப்புக்கு அப்பெயரிட்டார்கள். பின்னர் வேதியியலுக்கும் கணினிக்கும் நாடுகளின் எல்லை அரசியலுக்கும் அச்சொல் பரவியது. வரைபடக் கலைக்கு வந்து சேர்ந்தபோது அதிலிருந்த இடி முற்றாகக் கழன்றுவிட்டது. ஒரு புள்ளியையோ கோட்டையோ பரப்பையோ சுற்றிக் குறித்த தூரத்துக்கு வரையப்படும் பட்டைதான் அங்கே பஃபர்.

பறப்பு நடைமுறை வடிவமைப்பில் அந்தப் பட்டைக்கு என்ன வேலை என்பதைப் பார்த்தாலே பாதி வழக்குத் தீர்ந்துவிடும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 8168 ஆம் இலக்க ஆவணத்தின்படி, ஆரைச்சிறைகளுக்கான (இரண்டு ஆரைகளுக்கு இடைப்பட்ட வட்டத் துண்டுகளுக்கான) குறைந்தபட்சப் பறப்பு உயரத்தைக் கணிப்பதற்கு 25 கடல்மைல் (46 கிலோமீற்றர்) ஆரையுள்ள வட்டம் வரைந்து, அதனுள் அமைந்த மிக உயர்ந்த தடைக்கு மேல் 300 மீற்றர் இடைவெளி விட வேண்டும். வட்டத்துக்கு வெளியே மேலும் 5 கடல்மைல் அகலப் பட்டையொன்றை இட்டு, அதற்குள் நிற்கும் மலைகளையும் கோபுரங்களையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும். கட்டுநாயக்க விமான நிலையத்தை மையமாக வைத்துப் பயிற்சிக்காக வரைந்து பார்த்தால், நேர்கோட்டில் ஏறத்தாழ 51 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கேகாலை நகரம் 46 கிலோமீற்றர் வட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. ஆனால் பட்டைக்குள் விழுகிறது. அங்குள்ள குன்றொன்று வட்டத்துக்குள் இருப்பவற்றைவிட உயர்ந்ததாயின், அந்த ஆரைச்சிறையின் உயரத்தைத் தீர்மானிப்பது அந்தக் குன்றே. பட்டை அங்கே எந்த அடியையும் தாங்கவில்லை. பார்வையின் எல்லையை அகட்டுகிறது, அவ்வளவுதான். (‘ஆரைச்சிறை’ எவ்வளவு நேர்த்தியான சொல் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. சிறை என்பதற்குச் சிறகு என்ற பொருளும் உண்டு. வட்டத்தின் அந்தத் துண்டை ஒருமுறை வரைந்தவருக்குச் சொல்லும் உருவமும் ஒன்றாகவே மனத்தில் நிற்கும்.)

இனி, தரையிறங்க முறை வரும்வரை விமானம் வானில் சுற்றிக் காத்திருக்கும் பரப்பை எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றியும் 5 கடல்மைல் பட்டை உண்டு. ஆனால் இங்கே கணக்கு வேறு. முதற் கடல்மைலில் 300 மீற்றர் இடைவெளி வேண்டும். அடுத்தடுத்த கடல்மைல்களில் அது 150, 120, 90, 60 மீற்றர் என்று படிப்படியாகக் குறைகிறது. ஆக, ஒரே பெயருடைய பட்டை ஓரிடத்தில் முழு இடைவெளியைக் கேட்கிறது. இன்னோரிடத்தில் வெளியே செல்லச் செல்லத் தளர்கிறது. தொழில் இடத்துக்கிடம் மாறுபடும் ஒன்றுக்குத் தொழிலால் பெயரிடுவது வீண்வேலை. இரண்டிடத்திலும் மாறாதிருப்பது அது கிடக்கும் நிலை மட்டுமே. எனவே பெயரும் நிலையைச் சொல்லுவதாக அமைய வேண்டும் என்பதே என் வாதம்.

‘தாங்கல்’ என்பாரின் வாதம் என்ன? வேதியியலில் தாங்கற் கரைசல் என்று பாடநூல்களே எழுதுகின்றன, ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் இருந்தால் மாணவர் குழம்பார் என்கிறார்கள். தாங்கற் கரைசலை நானும் ஏற்கிறேன். அமிலமோ காரமோ சிறிது சேர்ந்தாலும் அக்கரைசல் தன் பிஎச் பெறுமானம் பெரிதும் மாறாதபடி தாங்கிக்கொள்கிறது. அங்கே வினை இருக்கிறது, வினைக்கேற்ற பெயரும் இருக்கிறது. ஆனால் அதே ஆங்கிலச் சொல்லைக் கணினித் துறையினர் ‘இடையகம்’ என்று வேறுபடுத்தி எழுதியபோது எந்த மாணவரும் குழம்பியதாகத் தெரியவில்லை. ஆங்கிலம் ஒரே சொல்லை நான்கு துறைகளுக்கு நீட்டிக் கொடுத்திருப்பது அம்மொழியின் வசதி. அந்த நீட்சியைத் தமிழும் சுமக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. தமிழில் ‘தாங்கல்’ என்றதும் நினைவுக்கு வருவன சுமையும் முட்டும் மனத்தாங்கலுமே. வரைபடத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, “அண்ணை, இந்தத் தாங்கல் எதைத் தாங்குது?” என்று பயிற்சிக்கு வந்த பிள்ளையொருத்தி கேட்டபோது, குறிப்பை எழுதியவரிடமே விடை இருக்கவில்லை.

இன்னும் மோசமானது, காத்திருப்புச் சுற்றுக்கான ஆங்கிலச் சொல்லும் ‘பிடித்தல், தாங்குதல்’ என்னும் அகராதிப் பொருள்களை உடையதாக இருப்பது. மொழிபெயர்ப்பாளர் அகராதியின் முதற்பொருளை எடுத்து, ‘தாங்கும் பரப்பின் தாங்கல்’ என்று எழுதிவைத்திருக்கிறார். இத்தொடரைப் படித்து எவராலும் ஒரு கோடுகூட வரைய முடியாது. ‘காத்திருப்புப் பரப்பின் சூழ்வலயம்’ என்றால், மென்பொருளைக் கண்டிராதவரும் தாளில் வரைந்து காட்டிவிடுவார்.

‘பாதுகாப்பு வலயம்’ என்று எழுதுவோர் மற்றொரு சாரார். நோக்கத்தைப் பார்த்தால் அது தவறென்று சொல்லிவிட முடியாது. ஆனால் இந்த நாட்டுத் தமிழில் அச்சொல் வெறுஞ்சொல்லாக இல்லை. விமான நிலையத்தையும் பாதுகாப்பு வலயத்தையும் ஒரே வாக்கியத்தில் எழுதினால், யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தைச் சூழ்ந்திருந்த இராணுவ உயர் பாதுகாப்பு வலயமும், 1990 இல் வலிகாமம் வடக்கைவிட்டு வெளியேறிய குடும்பங்களுமே வாசகரின் மனத்தில் எழும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கரையோரத்தில் வீடு கட்ட விலக்கப்பட்ட பட்டையும் ஆங்கிலத்தில் பஃபர் என்றே அறிவிக்கப்பட்டது. அதுவும் மக்கள் குடியிருக்கக்கூடாத நிலமாகவே இருந்தது. பறப்பு வடிவமைப்பின் பட்டையோ எவரையும் வெளியேற்றுவதில்லை. அங்கே வீடும் இருக்கலாம், வயலும் இருக்கலாம். அங்கிருக்கும் தடைகளின் உயரம் கணக்கில் சேர்கிறது, வேறொன்றுமில்லை.

பஃபர் என்றே எழுதிவிட்டால் என்ன என்று கேட்பவர்களோடு எனக்குப் பெரிய பகையில்லை. அலுவலகத்தில் எல்லோரும் “ஒரு பஃபர் போட்டுப் பாருங்கோ” என்றுதான் சொல்கிறோம். பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஆரை, திசைகோள், இடவிளக்கப் படம் என்று தமிழிலேயே படித்து வருகின்ற மாணவர், இந்த ஒன்றுக்கு மட்டும் பொருள் தெரியாத ஒலியை மனனம் செய்ய வேண்டிய தேவை என்ன?

சூழ்வலயத்துக்குக் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். சுற்றுச்சூழலை நினைவூட்டுகிறது என்பது ஒரு குறை. பரப்பொன்றின் எல்லையை உட்புறமாகச் சுருக்குவதற்குத் தூரத்தை மறைப் பெறுமானமாகக் கொடுக்கும்போது, சூழ்தல் என்பது பொருந்தாது என்பது அதைவிடப் பெரிய குறை. அவ்விடத்தில் ‘உள்ளொடுக்கம்’ என்று வேறுசொல் இடுவதே நேர்மை. கோட்டை அதே வடிவில் பக்கவாட்டில் நகர்த்தி வரையும் கருவிக்கு ‘இணைகோடிடல்’ போதும். அதையும் சூழ்வலயம் என்று எழுதிக் குழப்பக்கூடாது. இணைகோடு கோடுதான், சூழ்வலயமோ பரப்பு.

மொழிபெயர்ப்பாளர் பலர் மென்பொருளைத் திறந்தே பார்ப்பதில்லை என்பதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் இக்கருவியைத் திறந்தால், தூரத்துக்குக் கீழே கால்வட்டத்தை எத்தனை நேர்துண்டுகளால் வரைவது என்றொரு பெட்டி இருக்கும். அதில் 5 என்ற எண் முன்கூட்டியே நிரம்பியிருக்கும். குறிப்பொன்றில் அது ‘பகுதிகள்’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. எதன் பகுதிகள் என்று அறிய வழியில்லை. அந்த 5 ஐ மாற்றாமல் 30 கடல்மைல் வட்டத்தை வரைந்தால், துண்டுகளின் நடுப்பகுதி உண்மையான வட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உள்ளே விழும். விளிம்பில் நிற்கும் கோபுரமொன்று கணக்கிலிருந்து தப்பிவிட அது போதும். ‘கால்வட்டத்துக்கான நேர்துண்டுகள்’ என்று எழுதியிருந்தால் மாணவர் அந்த எண்ணைக் கூட்டியிருப்பார். அலகும் அப்படித்தான். படம் பாகைக் கணக்கில் இருக்கும்போது 5 என்று இட்டால், 5 பாகை அகலப் பட்டை இலங்கையையும் விழுங்கி இந்தியாவுக்குள்ளும் போய்விடும்.

அதே பெட்டியின் அடியில், ஒன்றன்மேல் ஒன்று விழும் சூழ்வலயங்களை ஒரே பரப்பாக்கும் தெரிவு உண்டு. அதற்கான ஆங்கிலச் சொல்லின் முதற்பொருள் கரைத்தல். ஆகவே குறிப்பில் ‘தாங்கலைக் கரைக்கவும்’ என்று அச்சாகியிருக்கிறது. அதைக் கையில் எடுப்பவர் கணினி அறையை விட்டு வேதியியல் ஆய்வுகூடத்துக்குத்தான் போவார். ‘சூழ்வலயங்களை ஒன்றிணைக்கவும்’ என்றால் செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்துவிடும்.