அரசு மருத்துவமா, தனியார் காப்பீடா: பில் எங்கே உடைகிறது?

மருத்துவம் அரசின் கையில் இருக்க வேண்டுமா, தனியார் காப்பீட்டிடம் விடலாமா என்ற பேச்சு வந்தாலே இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுகிறோம். உண்மையில் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பணத்தை யார் வசூலிப்பது? பில்லை யார் கட்டுவது? மருத்துவமனையை யார் நடத்துவது? பிரிட்டனில் 1948 முதல் மூன்றும் பெரும்பாலும் அரசிடம். கனடாவில் பில்லை மாகாண அரசு கட்டுகிறது. டாக்டர்களில் பலர் சொந்தமாகத் தொழில் நடத்துபவர்கள். சுவிட்சர்லாந்தில் காப்பீடு தருவது தனியார் கம்பெனிகள்தான். ஆனால் 1996 முதல் எல்லோரும் அடிப்படைப் பாலிசி எடுத்தே ஆக வேண்டும். நோயைக் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது.

கட்டாயம் எதற்கு என்று பலர் கோபப்படுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு திட்டத்தில் 1,000 பேர், ஆண்டுச் செலவு 10 லட்சம் என்றால் தலைக்குப் பிரீமியம் 1,000. நோயே வராத 200 பேருக்குச் சேர்த்து 20,000தான் செலவாகிறது. வீண்செலவு என்று அவர்கள் விலகினால் மீதி 800 பேர் 9.8 லட்சத்தைச் சுமக்க வேண்டும், பிரீமியம் 1,225. அந்த உயர்வைப் பார்த்து, மொத்தச் செலவு 60,000 மட்டுமே உள்ள இன்னொரு 200 பேர் கிளம்பினால் 1,533. கடைசியில் நிற்பவர்கள் நோயாளிகள் மட்டுமே. இதைத் தவிர்க்கத்தான், கட்டாயம் இல்லாத பல இடங்களில் கம்பெனிகள் ஏற்கெனவே உள்ள நோய்களைத் துருவிக் கேட்கின்றன, காத்திருப்புக் காலம் வைக்கின்றன. சர்க்கரையையோ ரத்த அழுத்தத்தையோ விண்ணப்பத்தில் மறைத்தால், பெரிய கிளெய்ம் வரும்போது பழைய மருந்துச்சீட்டு ஒன்றே பாலிசியைக் கவிழ்த்துவிடும்.

பாலிசி இருந்தும் கைக்காசு போவது இன்னொரு வழியில். '80 சதவீதம் நாங்கள் தருகிறோம்' என்ற பாலிசியில் 1,00,000க்குப் பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கையுறை, சிரிஞ்சு, பதிவுக் கட்டணம் என்று 15,000 பட்டியலிலேயே சேராது. மிச்சம் 85,000. முதல் 20,000 உங்களுடையது, இதுதான் டிடக்டிபிள். மீதி 65,000இல் உங்கள் 20 சதவீதப் பங்கு 13,000. ஆக நீங்கள் கட்டுவது 48,000, கம்பெனி தருவது 52,000. டிடக்டிபிள், பங்குத்தொகை, சேராத பொருட்கள், ஓராண்டில் உங்கள் கையிலிருந்து போகும் உச்சவரம்பு: பிரீமியத்தை ஒப்பிடும் முன் இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள்.

அரசு மருத்துவத்தில் பில் அநேகமாக இருக்காது, வரிசை இருக்கும். பட்ஜெட் வரையறுக்கப்பட்டது என்பதால் விலை செய்யும் வேலையை அங்கே காத்திருப்பு செய்கிறது. இங்கிலாந்தில் பரிந்துரைக்கப்பட்டவர்களில் 92 சதவீதம் பேருக்கு 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு. பல ஆண்டுகளாக அது எட்டப்படவில்லை. இடுப்பு மூட்டு அறுவைக்குக் காத்திருப்பவரின் தொடைத் தசை அந்த மாதங்களில் மெலிகிறது, அறுவைக்குப் பின் தேறுவதும் தாமதமாகிறது. இது சின்ன விஷயமல்ல.

வரிசையில் இருப்பவர் சும்மா காத்திருக்கக் கூடாது. எந்த அவசர வகையில் பெயர் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். 'வலி அதிகம்' என்று சொன்னால் யாரும் வகையை மாற்ற மாட்டார்கள். 'முன்பு அரை மணி நடந்தேன், இப்போது ஐந்து நிமிடம். இரவில் மூன்று முறை விழிக்கிறேன்' என்று சொல்லி, டாக்டர் அதைக் கடிதமாக எழுதி அனுப்பினால் மறுபரிசீலனைக்கு வழி உண்டு.

எங்கள் கருத்து இது: எல்லோரையும் உள்ளே சேர்த்து, யாரையும் மறுக்காத எந்த அமைப்பும், நடத்துவது அரசானாலும் கம்பெனியானாலும், ஆரோக்கியமானவர் விலகிப்போகும் அமைப்பைவிட நோயாளிக்கு நல்லது.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் போனில் கேட்ட பதிலோடு நின்றுவிடாதீர்கள். எந்த விதி எண்ணின்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த விதிக்கு நேராகப் பதில் சொல்லும்படி டாக்டரிடம் கடிதம் கேளுங்கள்; 'சிகிச்சை அவசியம்' என்ற பொத்தாம்பொதுவான வரி உதவாது. மேல்முறையீட்டுக்கான கெடு மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்தா, அது கைக்கு வந்த நாளிலிருந்தா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் கடிதத்தின் தேதியிலிருந்தே நாளை எண்ணுங்கள்.