தருவார் வேறு, தர வேண்டும் வேறு

சென்ற வாரமும் ஒரு வாடகை ஒப்பந்தம் என்னிடம் வந்தது. வீட்டைக் காலி செய்த 30 நாள்களுக்குள் உரிமையாளர் முன்பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும் என்பதை ஆங்கில மூலம் ‘ஷல்’ என்ற வினையால் சொல்லியிருந்தது. குடியிருந்தவர் படித்துப் பார்ப்பதற்காக யாரோ செய்துகொடுத்த தமிழாக்கத்தில் அது ‘திருப்பித் தருவார்’ என்று ஆகியிருந்தது. பணம் கேட்கப் போனவரிடம், “தருவார் என்றுதானே இருக்கிறது, தந்தே ஆக வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?” என்று தரகர் கேட்டாராம். ஒப்பந்தங்களை மொழிபெயர்த்தே பிழைக்கும் எனக்கு இது புதிதன்று, பொறுமைதான் மீதமில்லை.

‘ஷல்’ என்றால் எதிர்காலம் என்று பள்ளியில் படித்ததாக எல்லாரும் சொல்கிறார்கள். படித்தது பாதி விதி. 1653இல் ஜான் வாலிஸ் எழுதிய ஆங்கில இலக்கணத்திலேயே காணப்படும் அந்த விதியின்படி, ‘நான்’, ‘நாங்கள்’ என்னும் தன்மை இடத்தில் மட்டுமே ‘ஷல்’ வெறும் எதிர்காலத்தைக் காட்டும். முன்னிலையிலும் படர்க்கையிலும் வந்தால் அது பேசுபவரின் வாக்குறுதியையோ மிரட்டலையோ சுமக்கும். ஒப்பந்தத்தில் ‘நான்’ எங்கே வருகிறது? உரிமையாளர், குடியிருப்பவர், விற்பவர், வாங்குபவர் என எல்லாரும் படர்க்கைதான். ஆகவே, நீங்கள் மனப்பாடம் செய்த விதியை முழுவதும் நினைவில் வைத்திருந்தாலே ‘தருவார்’ என்று எழுத மாட்டீர்கள். பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்குக் கடன்பட்டிருத்தல் என்பதே பொருள். கொடுக்க வேண்டிய பணத்தையும் செய்ய வேண்டிய கடமையையும் ‘கடன்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கும் தமிழருக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

அதற்காக எல்லா இடத்திலும் ‘வேண்டும்’ என்று ஒட்டிவிடவும் முடியாது. இந்தியா மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும் என்று கூறும் அரசமைப்பின் முதல் உறுப்பிலும் ‘ஷல்’தான் இருக்கிறது, அங்கே அது யாருக்கும் கட்டளையிடவில்லை, ஒரு நிலையை அறிவிக்கிறது. (‘ஒன்றியம்’ என்ற சொல்லுக்காக நடந்த சண்டையில் பத்தில் ஒரு பங்கு கவனமாவது பக்கத்திலிருக்கும் வினைக்குக் கிடைத்திருக்கலாம்.) 21அ உறுப்பிலோ 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அரசு இலவசக் கட்டாயக் கல்வி வழங்க வேண்டும் என்பதற்கு ‘ஷல்’ வருகிறது; எந்த முறையில் என்பதைச் சட்டத்தால் தீர்மானித்துக்கொள்ளலாம் என்பதற்கு அதே வாக்கியத்தில் ‘மே’ வருகிறது. ஒன்று கடமை, மற்றொன்று விருப்புரிமை. இந்தக் குழப்பமே வேண்டாம் என்றுதான் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளை 2007இல் திருத்தி எழுதியவர்கள் ‘ஷல்’லைக் களைந்து, கட்டாயத்திற்கு ‘மஸ்ட்’ என்று எழுதினார்கள். நம் ஊர்ப் பத்திரங்களில் அது இன்னும் வரிக்கு வரி உட்கார்ந்திருக்கிறது.

‘மே நாட்’ இதைவிட ஆபத்தானது. வீட்டை உள்வாடகைக்கு விடக்கூடாது என்ற தடையை ‘விடாமல் இருக்கலாம்’ என்று மொழிபெயர்த்த தாளையும் பார்த்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பவர்கள் தயவுசெய்து அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடாதீர்கள். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வினையையும் கேளுங்கள். விளைவு உண்டென்றால் ‘வேண்டும்’, தடையென்றால் ‘கூடாது’, உரிமையென்றால் ‘லாம்’ என்று எழுதுங்கள். அந்த ‘லாம்’ அனுமதிக்கும் வாய்ப்புக்கும் பொதுவானது என்பதால், ஐயம் எழும் இடத்தில் ‘உரிமை உண்டு’ என்று விரித்தே எழுதிவிடுங்கள். கையெழுத்திடுபவர்கள், இரு மொழியில் படிகள் இருந்தால், முரண்பாடு வரும்போது எந்தப் படி செல்லும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கூச்சப்படாதீர்கள், பணம் உங்களுடையது.

முன்பணம் கேட்டு வந்தவர் நல்லவேளையாக ஆங்கிலப் படியில்தான் கையெழுத்திட்டிருந்தார். அந்தப் பிரிவை மட்டும் ‘திருப்பித் தர வேண்டும்’ என்று மீண்டும் மொழிபெயர்த்து, மூலத்தின் நகலோடு இணைத்துக் கொடுத்தனுப்பினேன்.